ஜன்னலில் கால்கள் தெரியும் வீடு

என் தங்கை மகன் குடியிருக்கும் வீட்டு ஜன்னலில் மனிதர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். ஷூக்கள், குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியின் சக்கரங்கள், அவசரமில்லாத நாய் ஒன்றின் நான்கு பாதங்கள். காலை எட்டரை மணி ஆனால் கால்களின் எண்ணிக்கை கூடிவிடும். எல்லாம் ஒரே திசையில், மேற்கு நோக்கிப் போகும். அந்தத் திசையில்தான் சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஊர் சிகாகோ. நகரின் தெற்குப் பக்கம், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய ஹைட் பார்க் குடியிருப்பு. அங்கே மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றில், தரைமட்டத்துக்குப் பாதி கீழே இறங்கிய வீடு அவனுடையது. இப்படிப்பட்ட வீட்டுக்கு அங்கே 'கார்டன் அபார்ட்மென்ட்' என்று பெயர். ஆய்வு மாணவனின் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகும் வாடகை அதற்குத்தான். "வெளிச்சம் கம்மியா இருக்கும் பெரியம்மா, உங்களுக்கு ஒத்துவருமா?" என்று நான் கிளம்புவதற்கு முன்பே மூன்று முறை கேட்டுவிட்டான். ஒத்துவந்தது. அக்டோபர் மாதத்தில் ஆறு நாட்கள் அந்த வீட்டில் இருந்தேன். அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு நானும் தெருவில் இறங்கிவிடுவேன். இல்லை, தெருவுக்கு ஏறிவிடுவேன் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாளே எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் என்றால் நம் ஊர்களில் முதலில் மதில் வரும், அப்புறம் பெரிய வாசல், காவலாளி. இங்கே மதிலே இல்லை. 57-ஆம் தெருவில் நடந்துகொண்டே இருந்தேன். படிக்கட்டில் பூசணிக்காய் வைத்த வீடுகள், ஒரு பேக்கரி, புத்தகக் கடை, மறுபடி வீடுகள். திடீரென்று பார்த்தால் இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல் கட்டடங்கள், கூர்மையான வளைவுகள், மேலே வாயைப் பிளந்திருக்கும் கல் பூதங்கள். குடியிருப்பு எந்த இடத்தில் முடிந்து வளாகம் எங்கே தொடங்கியது என்று திரும்பி நடந்து பார்த்தும் என்னால் கோடு போட முடியவில்லை. கல் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல். ஐரோப்பாவின் பழைய கல்லூரிகளைப் போல இருந்தாலும் முதல் வகுப்பு நடந்தது 1892-இல்தான். நம் மாநிலக் கல்லூரி அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது.

எனக்கு இங்கே வரவேண்டும் என்ற ஆசை இருபது வருட ஆசை. அதற்குக் காரணம் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன்.

மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் இறங்கினால் கன்னடம் என்று வளர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1962-இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணப் புத்தகம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் இறங்கினார். இலக்கணத்தைத் தேடிய கையில் அகப்பட்டது உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. எந்த ஊரில் அச்சான புத்தகம், எந்த ஊரில் போய்க் காத்திருந்திருக்கிறது! ஓலைச் சுவடிகளைத் தேடி உ.வே.சா. எத்தனை ஊர்களில் எத்தனை வீட்டுப் பரண்களைப் பார்த்தார் என்று நமக்குத் தெரியும். அந்த உழைப்பின் ஒரு பிரதி கடல் தாண்டி, ஏரிக்கரை நகரம் ஒன்றில், தரைக்குக் கீழே ஓர் அலமாரியில் இருந்திருக்கிறது. ராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு 1967-இல் வெளிவந்தது. தமிழ் தெரியாத எத்தனையோ பேர் செம்புலத்தில் பெய்த மழைநீரைப் பற்றி முதன்முதலாகப் படித்தது அதில்தான்.

ஹார்ப்பர் கட்டடம் 59-ஆம் தெருவைப் பார்த்து நிற்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு கோபுரங்கள். 1912-இல் திறந்தது. புத்தகங்கள் இப்போது அங்கே இல்லை. 1970-இல் ரீகன்ஸ்டைன் என்ற பெரிய நூலகம் வந்தபோது பெரும்பகுதி அங்கே போய்விட்டது. ஹார்ப்பர் இன்று மாணவர்கள் உட்கார்ந்து படிக்கும் இடம். நான் உள்ளே போகவில்லை. எதிரே இருந்த புல்வெளியில், தரையோடு ஒட்டிய அதன் கீழ் ஜன்னல்களைப் பார்க்கும்படி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஃபாஸ்டர் ஹால். தெற்காசிய மொழிகளின் துறை அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே தமிழ் கற்பிக்கிறார்கள். கொண்டுபோயிருந்த குறுந்தொகையை எடுத்து நாற்பதாம் பாட்டை வாய்விட்டு ஒரு முறை சொன்னேன். சைக்கிளில் போன ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த அரை மணி நேரத்துக்காக மட்டுமே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்று தோன்றியது.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர். 1937 முதல் விஸ்கான்சினில் இருந்த இதே பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தவர், 1964-இல் சிகாகோவுக்குக் குடிவந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-இல். ராமானுஜனுக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்ததும் அதே 1983-இல். அந்த வருடம் இந்தத் தெருக்களில் நடந்த இருவரும் எங்காவது ஒரு முனையில் தமிழில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், இந்தக் குடியிருப்பில் எதைத் தேடிப் போனாலும் தரைக்குக் கீழேதான் பார்க்க வேண்டியிருக்கிறது. செமினரி கோ-ஆப் என்ற புத்தகக் கடை 1961-இல் தொடங்கி அரை நூற்றாண்டு ஓர் இறையியல் கல்லூரியின் அடித்தளத்தில்தான் இருந்தது. தலைக்கு மேலே குழாய்கள் ஓட, வளைந்து வளைந்து போகும் அலமாரிகளுக்கு நடுவே தொலைந்துபோவதையே அதன் பழைய வாசகர்கள் சுகமாகச் சொல்கிறார்கள். 2012-இல் அது உட்லான் அவென்யூவில் வெளிச்சமான இடத்துக்கு மாறிவிட்டது. நான் இரண்டு மணி நேரம் அங்கே நின்றேன். ரீகன்ஸ்டைனை ஒட்டி 2011-இல் கட்டிய மன்சுயேட்டோ நூலகம் மேலே பார்த்தால் கண்ணாடி முட்டை. புத்தகங்களோ ஐம்பதடி ஆழத்தில். 35 லட்சம் தொகுதிகள் கொள்ளும். கேட்டால் இயந்திரக் கை எடுத்து வந்து தருகிறது.

அந்தக் கண்ணாடி முட்டைக்குப் பக்கத்தில் எல்லிஸ் அவென்யூவில் பன்னிரண்டு அடி உயர வெண்கலச் சிற்பம் நிற்கிறது. ஹென்றி மூர் செய்தது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மண்டையோடு, இன்னொரு பக்கத்திலிருந்து காளான் மேகம். 1942 டிசம்பர் 2 அன்று பிற்பகல் என்ரிகோ ஃபெர்மியின் குழு, மனிதர் கட்டுப்படுத்திய முதல் அணுக்கருத் தொடர்வினையை இங்கேதான் நடத்தியது. அப்போது இங்கே விளையாட்டரங்கம் ஒன்று இருந்தது. அதன் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்த ஆட்டக் கூடத்தில் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி வைத்துச் செய்தார்கள். கிடைத்த ஆற்றல் அரை வாட். ஒரு சின்ன பல்புக்குக்கூடப் போதாது. சுற்றிலும் குடியிருப்பு. பக்கத்துத் தெருவில் அன்று சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடம் எட்டு மாதம் கழித்து ஹிரோஷிமா. சிற்பத்தின் மேல் வகுப்பு முடிந்த பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தொட மனம் வரவில்லை.

ராபி ஹவுஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1910-இல் முடிந்த வீடு, 58-ஆம் தெருவும் உட்லானும் சந்திக்கும் முனையில். பெரிய கூரை தெருவை நோக்கி நீண்டு தொங்குகிறது, தூணே தெரியாமல். 1957-இல் இதை இடித்து மாணவர் விடுதி கட்டத் திட்டமிட்டபோது, தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த ரைட் நேரில் வந்து எதிர்த்து நின்றார். இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கட்டண வரிசையில் நின்று உள்ளே போய்ப் பார்த்தேன், அழகுதான். ஆனால் என் மனம் ஹார்ப்பர் அவென்யூவில் தண்டவாள மேட்டை ஒட்டி நிற்கும் பழைய மரவீடுகளில்தான் தங்கிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு ஊஞ்சலோ நாற்காலியோ.

நான்காம் நாள் 55-ஆம் தெருவுக்குப் போனேன். அகலமான சாலை. நட்டநடுவே, தீவு மாதிரி, இரண்டு பத்து மாடிக் கட்டடங்கள். கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வரைந்தவை. பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கறுப்பினத்தவர், எழுபதைத் தாண்டியவர். "இந்தத் தெருவில் முன்பு என்ன இருந்தது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கடைகள், மதுக்கூடங்கள், ஜாஸ் வாசிக்கும் இடங்கள், மாடியில் குடித்தனங்கள். 1950-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் எல்லாம் போனது. அதை முன்னின்று நடத்தியதில் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாடகைக்கு இருந்த ஏழைக் குடும்பங்கள், அதில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள், வெளியேறினார்கள்.

அதற்கு முந்தைய கதை இன்னும் கசப்பானது. இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன் என்று அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்கள் சிகாகோவின் தெற்குப் பக்கம் முழுவதும் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற நடந்த வழக்குகளுக்குப் பல்கலைக்கழகமே பணம் கொடுத்தது. கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பினத்தவர் 1937-இல், வளாகத்துக்குத் தெற்கே இருக்கும் உட்லான் பகுதியில் அப்படிப்பட்ட தெருவில் வீடு வாங்கி, உச்ச நீதிமன்றம் வரை போராடி 1940-இல் வென்றார். அவர் மகள் லொரெய்ன்தான் பிற்பாடு அமெரிக்க நாடக மேடையையே அசைத்தவர். 1948-க்குப் பிறகு இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று ஆயிற்று. சேரிக்கும் ஊருக்கும் நடுவே கோடு போட்ட நாட்டிலிருந்து போன எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மதில் இல்லாத வளாகம் என்று முதல் நாள் நான் வியந்தேனே, அந்த மதில் பத்திரங்களில் இருந்திருக்கிறது.

வளாகத்தின் தெற்கே மிட்வே என்ற நீண்ட புல்வெளி. ஏறத்தாழ ஒரு மைல் நீளம். தெரு மட்டத்திலிருந்து கொஞ்சம் பள்ளமாக இருக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள பூங்காக்களை வாய்க்காலால் இணைக்க ஃபிரெடரிக் ஆல்ம்ஸ்டெட் போட்ட திட்டத்தின் மிச்சம் அந்தப் பள்ளம். தண்ணீர் வரவே இல்லை. 1893 உலகக் கண்காட்சியின்போது உலகின் முதல் ஃபெரிஸ் ராட்டினம் 264 அடி உயரத்தில் சுழன்றது இங்கேதான். அதைத் தாண்டினால் உட்லான். பல்கலைக்கழகம் தங்கள் பக்கம் பரவக்கூடாது என்று அந்த மக்கள் அமைப்பாகத் திரண்டு போராடியதில், 61-ஆம் தெருவைத் தாண்ட மாட்டோம் என்ற உடன்பாடு 1964-இல் வந்தது. நான் அந்தத் தெருவரை நடந்தேன். இப்போது அங்கே பேச்செல்லாம் வாடகையைப் பற்றி. பக்கத்து ஜாக்சன் பூங்காவில் ஒபாமா மையத்தின் கோபுரம் எழும்பியிருக்கிறது. அவர் பன்னிரண்டு வருடம் இங்கே சட்டம் கற்பித்தவர் என்ற பெருமையும், வீட்டு விலை ஏறிவிடுமே என்ற பயமும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை தங்கை மகன் சீக்கிரம் வந்துவிட்டான். "வாங்க பெரியம்மா, பாயின்ட்டுக்குப் போகலாம்" என்றான். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புல் மேடு அது, ப்ராமன்டரி பாயின்ட். குப்பையும் மண்ணும் கொட்டி ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். ஆல்ஃபிரட் கால்ட்வெல் வடிவமைத்து 1937-இல் திறந்தது. ஓரத்தில் பெரிய பெரிய சுண்ணாம்புக்கல் பாளங்கள் படிபடியாகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அசல் படித்துறைதான். இதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று அதிகாரிகள் சொன்னபோது ஹைட் பார்க்வாசிகள் இருபது வருடத்துக்கு மேல் விடாமல் எதிர்த்தார்கள். 2023-இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது.

குளிர் காற்று. வடக்கே நகரத்தின் உயரக் கட்டடங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளை முடியோடு ஓர் அம்மாள் நீச்சலை முடித்துக்கொண்டு படியேறி வந்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு, அடுத்த படியில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்த இளைஞனிடம், நன்றாக இருக்கிறது, இறங்கு என்றார். அவன் அணிந்திருந்தது பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டை. புத்தகத்தைக் கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.

"நீ இறங்கியிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை, ஆகஸ்ட்ல" என்றான் என் பிள்ளை.

நானும் செருப்பைக் கழற்றினேன். முழங்கால்வரை போனேன். தண்ணீர் எலும்பில் ஏறியது. காலடியில் கல் வழவழவென்று, பழைய கோயில் குளத்தின் படி மாதிரியே இருந்தது.