பேர் தெரியாத பல்கலைக்கழகத்திலிருந்து இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்: சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமாக வளர்ந்த பிள்ளைகள் வருஷா வருஷம் எம்.எஸ்., எம்.பி.ஏ. என்று வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள். பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்களில் சிலருக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (நிறுவனங்கள் பணம் திரட்டவும் வாங்கி விற்கவும் வங்கி உதவும் வேலை) ஆசை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சியில் கிடைப்பதோ யாரும் கேள்விப்படாத பல்கலைக்கழகத்தில் ஒரு சீட்டு. அந்தப் பேர் ஒரு தடைதான். ஆனால் நல்ல பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் காலண்டரிலும் விசா மாதக் கணக்கிலும்தான். இந்த இரண்டையும் டெபாசிட் கட்டுவதற்கு முன்பே சரிபார்த்துவிட முடியும்.

அமெரிக்கா என்றால், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி 12 மாதம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். அதற்கு மேல் வேலை பார்க்க எச்-1பி விசா வேண்டும், அதன் குலுக்கலுக்கு நிறுவனம் பதிவு செய்வது மார்ச்சில். பொது ஒதுக்கீடு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. மே மாதம் பட்டம் வாங்குகிறவருக்கு 12 மாதத்தில் ஒரு குலுக்கல், 36 மாதத்தில் மூன்று. வங்கி உங்களை எடுக்கத் துணிவதும் தயங்குவதும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான். ஒரே மாதிரி பேர் வைத்த ஃபைனான்ஸ் படிப்புகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. படிப்பின் வகையைக் குறிக்கும் சி.ஐ.பி. எண் 52.0801 என்றால் பொது ஃபைனான்ஸ், அது ஸ்டெம் கிடையாது. 27.0305 நிதிக் கணிதம், 52.1301 மேலாண்மை அறிவியல், இரண்டும் ஸ்டெம். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளில் இந்த எண் இருக்கும். கன்சல்டன்சி வாய்ச்சொல்லை நம்பாமல் பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சேரும் மாதம். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. (படிப்புக்கு நடுவே வேலை பார்க்கும் அனுமதி) வேண்டும். அதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு அடுத்த மே மாதம் சரியாக அமையும். ஜனவரியில் சேர்ந்தவருக்கு அந்தக் கோடை போச்சு. ஜனவரி சீட்டு சுலபமாகக் கிடைக்கிறதே என்று தள்ளிவிடுவார்கள், ஏற்காதீர்கள். முதல் நாளிலிருந்தே சி.பி.டி. தருகிறோம் என்னும் கல்லூரிகளும் இருக்கின்றன. முழுநேர சி.பி.டி. 12 மாதம் ஆகிவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. கைவிட்டுப் போகும்.

பிரிட்டனில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு வருஷ முதுகலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடுமுறை இல்லை. ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் பாடக்காலமாகவே கணக்கு, வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. முழுநேரக் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு அந்தப் படிப்பில் இடமே இல்லை. லண்டன் வங்கிகளின் விண்ணப்பங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்து, விண்ணப்பம் வரவர இடங்கள் நிரப்பப்படும். விமானம் ஏறும் முன்பே சிவி தயாராக இருக்க வேண்டும். ஒரு வருஷப் படிப்பில் போகிறவர், படிப்பு முடிந்தபின் தொடங்கும் ஆஃப்-சைக்கிள் (கோடைக்கு வெளியே நடக்கும்) இன்டர்ன்ஷிப்பைக் குறிவைப்பதுதான் சரி. இதற்குச் சிறிய பூட்டிக் (டீல் ஆலோசனையை மட்டும் பார்க்கும்) நிறுவனங்களே அதிகம் கைகொடுக்கும். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்கும் கிராஜுவேட் விசா, 2026 கடைசிக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்.

வேலை விசாவுக்கு நிறுவனம் பொறுப்பேற்பதுதான் ஸ்பான்சர்ஷிப். அது தேவையா என்று விண்ணப்பத்தின் ஆன்லைன் படிவம் கேட்கும். இப்போதோ பின்னாலோ தேவைப்படும் என்றால் ஆம் என்றே போடுங்கள். இல்லை என்று பொய் சொன்னால் ஆஃபர் வந்தபின் ரத்தாகலாம். நிறுவனங்களை முன்கூட்டியே வடிகட்டிக்கொள்ளலாம். பிரிட்டன் அரசு உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அமெரிக்காவில் யார் எத்தனை எச்-1பி எடுத்தார்கள் என்ற தரவும் பொதுவில் உண்டு. பட்டியலில் இல்லாத நிறுவனத்துக்கு நூறு விண்ணப்பம் போடும் நேரத்தில், பட்டியலில் இருக்கும் இருபது நிறுவனங்களில் பேச ஆள் தேடுங்கள்.

சிவி ஒரே பக்கம். போட்டோ, அப்பா பேர், பிறந்த தேதி வேண்டாம். பட்டம் முடியும் மாதத்தைத் தெளிவாகப் போடுங்கள், வடிகட்டுவது அதை வைத்துத்தான். போலி அனுபவச் சான்று எழுதித் தருகிறவர்களை அண்டவே வேண்டாம், வங்கிகள் ஒவ்வொரு வேலையையும் விசாரிக்கும். ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் ஜி.எஸ்.டி. பார்த்திருந்தால் அதையே எண்ணிக்கையோடு எழுதுங்கள். முன்னாள் மாணவருக்கு மெயில் போடும்போது ஐந்து வரி போதும்: யார், எங்கே படிக்கிறேன், அவர் குழுவில் எது பற்றித் தெரிய வேண்டும், பதினைந்து நிமிஷம் கிடைக்குமா. வேலை கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

இன்டர்வியூவில் பல்கலைக்கழகப் பேர் பின்னால் போய்விடும், கணக்கு முன்னால் வரும். தேய்மானம் 10 கூடினால் மூன்று அறிக்கைகளும் (லாப நட்டம், ரொக்க ஓட்டம், இருப்புநிலை) எப்படி மாறும் என்று கேட்பார்கள். வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் 7.5 குறையும். தேய்மானம் ரொக்கச் செலவு இல்லாததால் 10-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2.5 ஏறும். சொத்துப் பக்கம் இயந்திரம் 10 குறைந்து ரொக்கம் 2.5 கூடுகிறது, மொத்தம் 7.5 குறைவு. எதிர்ப்பக்கம் லாப இருப்பும் அதே 7.5 குறையும். காரணத்தோடு சொல்ல வரும்வரை இதை விடாதீர்கள்.

உங்கள் ஊரிலேயே அருமையான ஒரு உதாரணம் இருக்கிறது: மாம்பழக்கூழ் தொழிற்சாலை. தோத்தாபுரி சீசனில் மொத்தப் பழத்தையும் வாங்கிக் கூழாக்கிவிட்டு, வருஷம் முழுக்க விற்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் மதிப்பு கடனையும் சேர்த்து 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-ல் சரக்கு விற்றுத் தீர்ந்து கடன் 10 கோடி. ஆகஸ்டில் கிடங்கு நிறைந்து கடன் 40 கோடி. மார்ச் கணக்கை வைத்தால் பங்குதாரருக்கு 90 கோடி, ஆகஸ்ட் கணக்கில் 60. எந்தத் தேதியில் விலை பேசினாலும் நியாயமாக இருக்க, வருஷச் சராசரி நடைமுறை மூலதனத்தை (சரக்கிலும் பாக்கியிலும் முடங்கும் பணம்) அளவுகோலாக வைத்து வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும். புத்தகத்துக் கேள்விகளை மனப்பாடம் செய்தவர் பலர் வருவார்கள். சீசன் தொழிலை இப்படி விளக்கத் தெரிந்தவரை வங்கிக்காரர் உட்காரவைத்துப் பேசுவார்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு சீரிஸ் 79 என்ற உரிமத் தேர்வு உண்டு. நிறுவனத்தின் ஸ்பான்சர் இல்லாமல் அதை எழுத முடியாது. அதோடு சேர்த்துத் தேவைப்படும் அடிப்படையான எஸ்.ஐ.இ. தேர்வை மாணவராக இருக்கும்போதே எழுதலாம், தேர்ச்சி 4 வருஷம் செல்லும்.

கோடி ரூபாய் கடன் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டுக்கு பெங்களூரு வழி இருக்கிறது. கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.பி. மார்கன் இரண்டுக்கும் அங்கே பெரிய அலுவலகங்கள் உண்டு. தகுதியான பதவியில் தொடர்ந்து ஒரு வருஷம் வேலை பார்த்தவரை நிறுவனம் நினைத்தால் எல்-1 விசாவில் அமெரிக்காவுக்கு மாற்றலாம், குலுக்கல் கிடையாது. ஆனால் சேரும் முன் குழுவைக் கேளுங்கள். டீல் மாடலும் (மதிப்புக் கணக்கு) பிட்ச் புத்தகமும் (வாடிக்கையாளருக்குக் காட்டும் விளக்கம்) செய்யும் குழுவா, செட்டில்மென்ட் (வர்த்தகம் முடிந்தபின் பணம், பங்கு கைமாற்றம்) பார்க்கும் குழுவா என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே நகர முடியும்.