வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு ஏன்?

ஓடும் வண்டியிடம் உள்ள இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் தீர்த்தால்தான் வண்டி நிற்கும். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. அந்த வர்க்கத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஓட்டுபவரோடு சேர்த்து 180 கிலோ உள்ள பைக் 36 கி.மீ. வேகத்தில் போகிறது. முதலில் 3.6-ஆல் வகுத்து நொடிக்கு 10 மீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். மாற்றாமல் விட்டால் விடை ஏறத்தாழ 13 மடங்கு வீங்கிவிடும். 90 × 100 = 9,000 ஜூல். அதே எடையுள்ள இரண்டாவது பைக் 72 கி.மீ. வேகத்தில் போனால் 90 × 400 = 36,000 ஜூல்.

பிரேக் பிடிக்கும்போது டயருக்கும் சாலைக்கும் இடையே 900 நியூட்டன் விசை சீராகக் கிடைப்பதாக வைப்போம். ஆற்றலை விசையால் வகுத்தால் தூரம்: முதல் வண்டி 10 மீட்டரில் நிற்கும், இரண்டாவதற்கு 40 மீட்டர் வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் வண்டி நின்றுவிட்ட அந்த 10 மீட்டரில், இரண்டாவது இழந்தது 9,000 ஜூல்தான். மீதி 27,000. வேகம் இன்னும் 62 கி.மீ.! பாதசாரி அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதில் பிரேக்கை அழுத்துவதற்கு முன் கடக்கும் தூரம் சேரவில்லை, 72 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி தாமதித்தாலே 20 மீட்டர் கூடும்.