செல் சிக்னலிங்: அணைகிற இடத்திலிருந்து படியுங்கள்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தில் நான்காவது யூனிட் செல் சிக்னலிங், அதாவது வெளியிலிருந்து வரும் செய்திக்கு செல் பதில் சொல்லும் விதம். கடலூர் பக்கம் எம்எஸ்சி முடித்துவிட்டு நெட்டுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால், நிறையப் பேர் இந்த யூனிட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். "அக்கா, அந்த அம்புக்குறிங்களைப் பாத்தாலே தலை சுத்துது. விட்டுட்டு எக்காலஜி பாத்துக்கவா?" என்று ஜூனியர் ஒருத்தி கேட்டாள். எக்காலஜியும் பாரு, இதையும் விடாதே என்றேன்.

காரணம் தேர்வின் அமைப்பு. பகுதி சி-யில் 75 கேள்விகள் இருக்கும், 25 எழுதினால் போதும். ஒன்றுக்கு 4 மதிப்பெண். மொத்தம் 200-ல் பாதி அங்கேதான் கிடக்கிறது. தப்பாக எழுதினால் ஒரு மதிப்பெண் போய்விடும். அந்தப் பகுதியில் "அட்ரினலினுக்கு அடுத்து என்ன?" என்று யாரும் கேட்பதில்லை. ஒரு இடத்தில் சங்கிலியை உடைத்துவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேட்பார்கள். பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறவருக்கு அங்கே கை ஓடாது. எனக்குக் கை கொடுத்த வழி வேறு: ஒவ்வொரு பாதையிலும் சிக்னல் எப்படி ஆரம்பிக்கிறது என்பதைவிட, எங்கே, எதனால் அணைகிறது என்பதை முதலில் படித்தேன்.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் தேவனாம்பட்டினத்தில் படகு கடலுக்குப் போகாது. புயலை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, கூண்டைத்தான் பார்த்தார்கள். ஹார்மோனும் பெரும்பாலும் செல்லுக்குள் வருவதில்லை. வெளியே சவ்வில் இருக்கும் ஏற்பியில் (சிக்னலைப் பிடிக்கும் புரதம்) ஒட்டுகிறது, உள்ளே கூண்டு ஏறுகிறது. புயல் கரை கடந்த பிறகும் கூண்டை யாரும் இறக்கவில்லை என்றால் ஊர் என்ன பாடு படும்? இந்த யூனிட்டிலிருந்து வரும் பகுதி சி கேள்விகள் பல அந்த இடத்தில்தான் நிற்கும்.

அட்ரினலினை எடுத்துக்கொள்வோம். அது பீட்டா ஏற்பியில் ஒட்டியதும் ஏற்பி வடிவம் மாறி, சிக்னலை உள்ளே கடத்தும் ஜி புரதங்களில் ஒன்றான ஜிஎஸ் புரதத்தை உசுப்புகிறது. ஜிஎஸ்ஸின் ஆல்ஃபா அலகு குவானோசின் டைபாஸ்பேட்டை உதறிவிட்டு டிரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறது. பிறகு அது தூண்டும் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதி, அந்த நொதி உண்டாக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு, அதனால் விழிக்கும் புரத கைனேஸ் ஏ (கைனேஸ் என்றால் பாஸ்பேட் வைக்கும் நொதி), கடைசியில் கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸ். இதற்கு இவ்வளவு போதும். ஒரு சின்ன விஷயம் மட்டும்: வழியெல்லாம் சிக்னல் பெருகுகிறது என்று எழுதிவிடாதீர்கள். புரத கைனேஸ் ஏ முழுதாக விழிக்க நான்கு சைக்ளிக் ஏஎம்பி ஒட்ட வேண்டும், விடுபடுவது இரண்டு வினையூக்கி அலகுகள்தான். அந்தப் படியில் பெருக்கம் இல்லை.

இப்போது அணைக்கும் பக்கம் வருவோம். ஏற்பியின் வால் பகுதியில் ஜிஆர்கே என்ற கைனேஸ் பாஸ்பேட் வைக்கும், அதன்மேல் அரெஸ்டின் வந்து உட்காரும், அப்புறம் ஜி புரதம் கிட்டே வர முடியாது. ஆல்ஃபா அலகு தான் பிடித்த டிரைபாஸ்பேட்டைத் தானே உடைத்து அடங்கிவிடும். சைக்ளிக் ஏஎம்பியை பாஸ்போடையெஸ்டரேஸ் என்ற நொதி தின்றுவிடும். கைனேஸ் ஒட்டிய பாஸ்பேட்டுகளை பாஸ்படேஸ்கள் கழற்றும். இந்த நான்கையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் கெடுக்கிற மருந்து, நச்சு, மியூட்டேஷன் எது என்று எதிரே எழுதிக்கொண்டே போனேன். பாஸ்போடையெஸ்டரேஸுக்கு எதிரே காஃபீன் வரும். காபி தூக்கத்தைக் கலைப்பது இதனால்தான் என்று சில நோட்ஸில் பார்க்கலாம். நாம் குடிக்கிற அளவுக்கு அது தூக்கம் வரவைக்கும் அடினோசினின் ஏற்பியை மறிப்பதுதான் பெரிய காரணம்.

எதிர்ப்பக்கத்தில் மிகவும் பயன்பட்டது காலரா நச்சு. அது ஜிஎஸ் ஆல்ஃபாவில் உள்ள ஒரு அர்ஜினின்மேல் ஏடிபி-ரைபோஸைக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. அதோடு டிரைபாஸ்பேட்டை உடைக்கும் திறன் போய்விடும். கூண்டு இறங்காது. குடல் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போக, குளோரைடு வெளியே கொட்டுகிறது, பின்னாலேயே தண்ணீர். கக்குவான் நச்சும் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும், ஆனால் வழி வேறு. அது சைக்ளேஸை அடக்கும் ஜி புரதமான ஜிஐயின் ஆல்ஃபா அலகில், ஒரு சிஸ்டீன்மேல் ஏடிபி-ரைபோஸை ஒட்டி, அந்தப் புரதம் ஏற்பியோடு பேச முடியாமல் செய்கிறது. சைக்ளேஸை அடக்க வேண்டியவன் படுத்துவிடுகிறான். விளைவு ஒன்று, காரணம் இரண்டு: கேள்வி போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஒரு மாதிரிக் கேள்வி. ஒரு செல்லில் அட்ரினலின் கொடுத்தால் சைக்ளிக் ஏஎம்பி ஏறவில்லை. காலரா நச்சுக்கு ஏறுகிறது. ஃபோர்ஸ்கோலினுக்கும் ஏறுகிறது. பழுது எங்கே? ஃபோர்ஸ்கோலின் நேராக சைக்ளேஸையே தூண்டும், ஆகவே சைக்ளேஸ் நன்றாக இருக்கிறது. காலரா நச்சு வேலை செய்ய ஜிஎஸ் வேண்டும், அதுவும் இருக்கிறது. மிச்சம் ஏற்பி, அல்லது ஏற்பி ஜிஎஸ்ஸோடு சேரும் இடம். இதே கேள்வியில் காலரா நச்சுக்கும் ஏறவில்லை என்று மாற்றினால் விரல் ஜிஎஸ் பக்கம் திரும்பும். இப்படி ஒரு கேள்வியை நீங்களே நான்கு விதமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து நானும் தோழியும் ஒருவருக்கொருவர் இப்படித்தான் கேள்வி போட்டுக்கொள்வோம், கிசுகிசுப்பாக. ஜெராக்ஸ் கடையில் வாங்கிய தடித்த நோட்ஸைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரே சிக்னலுக்கு வேறு வேறு பதில் வருவதையும் விடாதீர்கள். அட்ரினலின் மூச்சுக்குழாயின் பீட்டா-2 ஏற்பியில் ஒட்டினால் தசை தளரும். ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் செய்வதும் அதையே. தோலின் ரத்தக் குழாயில் ஆல்ஃபா-1 இருக்கிறது. அங்கே ஜிக்யூ என்ற இன்னொரு ஜி புரதம் வழியாக கால்சியம் ஏறி, தசை சுருங்கும். அசிட்டைல்கோலின் கையில் தசையைச் சுருக்குகிறது, இதயத் துடிப்பைக் குறைக்கிறது. கையில் இருப்பது அயனிக் கால்வாய், இதயத்தில் இருப்பது ஜி புரத ஏற்பி. சிக்னலைப் பார்த்துப் பதில் எழுதாதீர்கள். எந்த ஏற்பி, எந்த செல் என்று பாருங்கள்.

செல்லுக்குள்ளேயே இருக்கும் ஸ்டீராய்டு ஏற்பிகளை ஒரு மாலையில் முடித்துவிடலாம். அந்தக் குடும்பத்திலேயே வரும் தைராய்டு ஹார்மோனின் ஏற்பி, ஹார்மோன் வராதபோதும் டிஎன்ஏ-மேல் உட்கார்ந்திருக்கும் என்பதைக் குறித்துக்கொண்டால் சரி.

வளர்ச்சி சிக்னலைக் கடத்தும் ராஸ் என்ற புரதத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். அதுவும் டிரைபாஸ்பேட்டை உடைத்துத்தான் அடங்க வேண்டும், அதற்கு கேப் புரதங்களின் உதவி வேண்டும். 12-வது இடத்தில் உள்ள கிளைசின் மாறிவிட்டால் அந்த உதவி பலிக்காது, வளர்ச்சி சிக்னல் ஓயாது. இதே யூனிட்டில் புற்றுநோயும் இருக்கிறது; ராஸை ஒழுங்காகப் படித்தவருக்கு அங்கே பாதி வேலை முடிந்தது.

கடைசியாகத் தாவரம். விலங்கியல் பிள்ளைகள் தாண்டிப் போகிற இடம். பண்ருட்டிப் பலா பழுக்கிறதே, அதைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவின் பாதை இதுவரை பார்த்ததற்குத் தலைகீழ். எத்திலீன் இல்லாதபோதுதான் ஏற்பி வேலை செய்து, சிடிஆர்-1 என்ற கைனேஸ் மூலம் பதிலை அடக்கி வைக்கிறது. எத்திலீன் வந்து ஒட்டினால் அந்த அடக்குமுறை நிற்கிறது. ஆகவே எத்திலீனைப் பிடிக்க முடியாத ஈடிஆர்-1 மியூட்டன்டுக்கு (அந்த ஏற்பியின் மரபணு மாறிய செடி) எத்திலீன் கொடுத்தும் பலன் இல்லை. சிடிஆர்-1 கெட்டுப்போன செடியோ எத்திலீனே இல்லாமல் எத்திலீன் பட்டதுபோல நிற்கும். இரண்டும் ஒரே செடியில் கெட்டிருந்தால்? சிடிஆர்-1 கீழே இருப்பது, அதனால் செடி சிடிஆர்-1 மியூட்டன்ட் மாதிரியே இருக்கும்.