பதுவைக்கு, அந்தோணியார் வந்த வழியே

கோடி அற்புதரான புனித அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டு இத்தாலி வரும் நம்மவர்கள் பெரும்பாலும் வெனிஸில் தங்கி, அரை நாளில் பதுவையில் (Padova) அவர் கல்லறை உள்ள பசிலிக்காவுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். கல்லறையைத் தொட்டால் நேர்த்திக்கடன் தீர்ந்தது, சரிதான். ஆனால் பதுவை இருக்கும் வெனெத்தோ மண்ணில் புனிதர் கடைசியாக வந்த வழி இன்றும் இருக்கிறது. அந்த வழியே வந்து கல்லில் கை வைத்துப் பாருங்கள்.

தொடங்க வேண்டிய இடம், பதுவைக்கு வடக்கே உள்ள கம்போசாம்பியெரோ (Camposampiero) என்ற சிற்றூர். வால்நட் மரத்தின் மேல் அவருக்கு ஒரு குடில் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தை இயேசு அவர் கைகளுக்கு வந்ததும் இங்கேதான். காட்சி கண்ட ஆலயமும் மரம் நின்ற இடத்துச் சிற்றாலயமும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, மதிய உணவு நேரத்தில் அவர் சாய்ந்துவிட்டார். பதுவையில் சாக விரும்பியவரை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள்.

கம்போசாம்பியெரோ போக, பதுவை ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில் உண்டு. காகிதப் பயணச்சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்தான், தெரியாது என்றால் விடமாட்டார்கள்.

திரும்பும்போது முடிந்தவர்கள் நடக்கலாம். ஏறக்குறைய 25 கி.மீ., பெரும்பகுதி மூசோன் ஆற்றுக் கரைமேட்டில். சமதரை என்று நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ஏற்றம் இல்லை, ஆனால் நிழலும் இல்லை. ஜூனில் காலை ஐந்தரைக்கே புறப்பட்டு, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். கொப்புளம் வருவது பாதி வழியில்தான், அங்கிருந்து திரும்பவும் முடியாது. ஏழு மணி நேரம் ஆகும்.

நகருக்குச் சற்று முன்னே ஆர்செல்லா. அதற்கு மேல் வண்டியில் அவர் தாங்கவில்லை. "என் ஆண்டவரைக் காண்கிறேன்" என்று சொல்லி உயிர் விட்ட அறை ஆலயத்துக்குள் இருக்கிறது. நம் யாத்திரைக் குழுக்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கூட்டமே இருக்காது, ஒரு செபமாலை முழுதாகச் சொல்லலாம். ஆர்செல்லாவில் டிராம் ஏறினால் மாறாமல் 'சாந்தோ' நிறுத்தத்தில் இறங்கலாம். பதுவைக்காரர்களுக்கு 'புனிதர்' என்றாலே அவர்தான், பெயர் தேவையில்லை. காரில் வருபவர்கள் பழைய நகருக்குள் நுழையாதீர்கள். கேமரா படம் பிடித்து, அபராதம் வீடு தேடி வரும்.

பசிலிக்கா முன் சதுக்கத்தில் கையில் பூவைத் திணித்துக் காசு கேட்பவர்கள் உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள். தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும். ஜூன் 13 அன்று வரிசை நகரவே நகராது, முதியவர்களை அழைத்து வராதீர்கள். பிப்ரவரி 15 அவருடைய அழியாத நாவின் திருநாள். அப்போதும் கூட்டம் உண்டு, வெயில் மட்டும் இல்லை.

கல்லறை இடப்பக்கச் சிற்றாலயத்தில் இருக்கிறது. படியேறிப் பீடத்துக்குப் பின்புறம் போனால் அந்தப் பச்சைப் பளிங்குக் கல். விண்ணப்பத்தையும் பிள்ளையின் படத்தையும் முன்பே கையில் வைத்திருங்கள். அங்கே போய்ப் பை தேடினால் நேரம் அதிலேயே போய்விடும், பின்னால் நிற்பவர்கள் தள்ளுவார்கள். கிடைப்பது சில நொடிகள்தான். முன்னே நின்றவரின் உள்ளங்கைச் சூடு கல்லில் இன்னும் இருக்கும், அதன் மேல் நம் கை. பக்கத்தில் வரிசை வரிசையாகப் படங்கள்: பிறந்த குழந்தைகள், நொறுங்கிய கார்கள், மருத்துவமனைக் கட்டில்கள். எல்லாம் நன்றி சொல்ல வந்தவை. சொல்ல நினைத்த செபம் எதுவும் நாக்கில் வராது. வேண்டியதைக் கேட்க வந்தவர்கள்கூடக் கேட்காமல் "நன்றி, நன்றி அப்பா" என்று மட்டும் சொல்லி அழுதுகொண்டு இறங்குகிறார்கள். எத்தனை இரக்கம் அவருக்கு!

அங்கிருந்து நேரே வெளியேறிவிடாதீர்கள். பெரிய பீடத்துக்குப் பின்னே திருப்பண்டச் சிற்றாலயத்தில் அழியாத நாவு இருக்கிறது. 1263-இல் பேழையைத் திறந்து அதைக் கண்டவர், அன்று பிரான்சிஸ்கன் சபைத் தலைவராயிருந்த புனித பொனவெந்தூர். 1981-இல் மறுபடி திறந்தபோது கிடைத்த குரல் உறுப்புகளும் அங்கேயே இருக்கின்றன.

கடைசியாக, கல்லறைக்கு அருகிலுள்ள கறுத்த மாதா சிற்றாலயம். பசிலிக்கா எழும்புமுன் இங்கிருந்த சின்ன மாதா கோவில் அதுதான். உடலுக்காக ஊரார் சண்டையிட்டு, நான்கு நாள் கழித்து அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. புளியம்பட்டி, உவரி அந்தோணியார் கோவில்களில் நாம் செவ்வாய்தோறும் கூடுவது அந்த நாளை வைத்துத்தான். மாதா முன் ஒரு நவநாள் செபம் சொல்லிவிட்டு வாருங்கள்.