ஹைடனின் நான்கு சுரங்கள்

நான்கே சுரங்கள்தான். இன்று காலை, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 76ஆம் தொகுப்பில் இரண்டாவதான டி மைனர் நால்வர் இசையைக் கேட்டபோது, முதல் வயலின் அவற்றை வாசித்ததும் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

டி-யைச் சட்ஜமாகக் கொண்டால், பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்கு ஓர் இறக்கம். ரிஷபத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு இன்னோர் இறக்கம்.

இத்தகைய மேற்கத்திய இசையின் கட்டமைப்பான சொனாட்டா வடிவத்தை 'அறிமுகம், வளர்ச்சி, மீள்வருகை' என்று மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, காதால் பின்தொடர்ந்ததில்லை. இன்று அந்த இறக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். டி மைனரின் இருண்ட சாயலில் புறப்பட்ட இசை எஃப் மேஜரின் வெளிச்சத்துக்குப் போன பிறகும் அது கூடவே வந்தது. நடுப்பகுதியில் தலைகீழாகத் திரும்பியும், ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியும் கைமாறிக்கொண்டே இருந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான் என்பதால் அது எப்போது யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாகவே கேட்டது. (பெரிய ஆர்க்கெஸ்ட்ராவாக இருந்திருந்தால் தொலைந்துபோயிருப்பேன்.)

1797 வாக்கில், அறுபதைக் கடந்த வயதில் ஹைடன் எழுதியது.

மீள்வருகையில்தான் எனக்கு நெஞ்சு கனத்தது. முன்பு எஃப் மேஜரில் மலர்ந்த பகுதி இப்போது டி மைனரிலேயே ஒலிக்கிறது. அதே பேச்சுதான், ஆனால் விளக்கை அணைத்துவிட்ட அறையில் பேசியதுபோல.

திரும்பிப் பார்த்தபோது தட்டிலிருந்த கத்தரிக்காய்த் துண்டுகள் கறுத்திருந்தன.