ஐ.ஓ. சார்ட்டும் லேப் ரிப்போர்ட்டும்

நர்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஐ.ஓ. சார்ட் (நோயாளியின் உடம்புக்குள் போன, வெளியே வந்த நீரின் கணக்கு) என்றாலே அலுப்பு. குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருப்பது ஒரு வேலையா என்பதுபோல் பார்ப்பார்கள். லேப் ரிப்போர்ட் வந்தால் மட்டும் நான்கு பேர் கூடிவிடுவார்கள். எனக்கோ, சார்ட் பக்கத்தில் இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் பாதி புரியாது.

கடலூரில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் இது நன்றாகத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும்போது மயங்கியவர்கள், படகில் போய்க் காய்ந்து திரும்பியவர்கள் என்று வருவார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா 70, கிரியாட்டினின் 1.4 என்று ரத்த ரிப்போர்ட்டில் கூடுதலாக வரும். "கிட்னி போயிடுச்சா சிஸ்டர்?" என்று கூட வந்தவர்கள் கலங்கிவிடுவார்கள். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது, யூரியாவும் கூடவே போகிறது. அதனால்தான் கிரியாட்டினினைவிட யூரியா அதிகமாக ஏறுகிறது. ரத்தம் கெட்டியாவதால் ஹீமோகுளோபின்கூட அழகாக இருக்கும். சலைன் ஏறிய மறுநாள் யூரியா இறங்கும், ஹீமோகுளோபினும் இறங்கும். "நேத்து 13, இன்னிக்கு 11. ரத்தம் எங்க போச்சு?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். மலம் கறுப்பாகப் போகிறதா, வேறெங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்: 11தான் அவருடைய உண்மையான அளவு.

சிறுநீர்க் கணக்கு இன்னும் முக்கியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் லேப்புக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுவேன். சிறுநீரகம் அடிபட்டாலும் கிரியாட்டினின் ஏற நேரம் பிடிக்கும். சிறுநீர் சேர மாட்டியிருக்கும் பை முன்பே சொல்லிவிடும்.

குடித்த கணக்கு வாங்குவதுதான் பெரும்பாடு. "தண்ணியே குடிக்கலை சிஸ்டர்" என்பார்கள். காபி, கஞ்சி, ரசம், பார்க்க வந்த மாமா வாங்கித் தந்த இளநீர் எதுவும் அவர்கள் கணக்கில் தண்ணீர் இல்லை. இப்போதெல்லாம் "காலையிலேர்ந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?" என்றுதான் கேட்கிறேன். அவர்கள் கொண்டுவந்த டம்ளரை ஒரு தடவை அளந்து, எத்தனை மில்லி பிடிக்கும் என்று சார்ட்டின் ஓரத்தில் எழுதிவைத்துவிடுவேன்.

இளநீர் நம் ஊரில் எல்லா நோய்க்கும் மருந்து. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்து. வயிற்றுப்போக்கில் சோடியத்தை இழந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். தருகிற உப்பை இளநீர் தராது.

சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். பிரஷருக்காகச் சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, உப்பையும் விட்டுவிட்ட ஒரு பாட்டி இரண்டு நாள் வாந்திக்குப் பிறகு வந்தார். மகளையே யார் என்று கேட்டார். "வயசாயிடுச்சு, அதான்" என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். சோடியம் 118. சீக்கிரம் ஏற்றுங்கள் என்று மகன் அவசரப்பட்டார். நெடுநாளாகக் குறைந்து வந்த சோடியத்தை ஒரு நாளில் 8, 10க்கு மேல் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். நிதானமாகத்தான் போக வேண்டும். மூன்றாம் நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

பொட்டாசியம் வேறு மாதிரி ஏமாற்றும். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, ஒருமுறை 6.8 என்று வந்தது. நோயாளியோ உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், சிறுநீரும் நன்றாகப் போகிறது. அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது, இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு அது. முதலில் ஈ.சி.ஜி., அப்புறம் புதுச் சாம்பிள். கையை இறுக்கிக் கட்டி, விரலை மடக்கி மடக்கி நீட்டச் சொல்லி எடுத்தாலும், சிரிஞ்சை வேகமாக இழுத்து ரத்த அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ.வே பொட்டாசியம் உப்புதான். அதிலிருந்து வேறு டியூபுக்குக் கொஞ்சம் ஊற்றினாலும் போச்சு. டிரிப்ஸ் ஓடும் கையில் எடுத்தால் எல்லா அளவும் தாறுமாறாகிவிடும்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. மறு கையில் எடுத்த சாம்பிளில் 4.4. பொட்டாசியத்துக்குப் பயந்து நிறுத்திவைத்த சாத்துக்குடி ஜூஸைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டு, சார்ட்டில் 150 மில்லி என்று எழுதினேன்.