தெரியாத ஐந்து பேர், ஒரே படிக்கட்டு: ஒரு சென்னை நாவலை எழுதி முடித்த விதம்

ஒருவரையொருவர் அறியாத ஐந்து பேர் சென்னையில் உரசிப் போகிற நாவல் இது. கதைக்கு முன்னால் இடத்தைப் பிடித்தது நல்லதாகப் போயிற்று. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெருவுக்கு இறங்கும் படிக்கட்டு. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண், பூக்காரம்மா, தாம்பரத்திலிருந்து வரும் கணக்கர் என்று யாரையும் இழுத்து வர வேண்டியதில்லை, அவர்களாகவே வந்துவிடுவார்கள்.

அடுத்து ஒரு நீளமான கணக்கு நோட்டு. பக்கவாட்டில் ஆட்கள், மேலே அரை மணிக்கு ஒரு கட்டம். காலை 4.30 முதல் இரவு 12 வரை ஆளுக்கு 39, ஐந்து பேருக்கு 195. கட்டத்துக்குள் இரண்டே விஷயம்: எங்கே இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது. பென்சிலில்தான் எழுத வேண்டும், அழித்துக்கொண்டே இருப்போம். இதைப் போடாமல் தொடங்கினால் பாதி நாவலில் ஒரே ஆள் 9.30 மணிக்குப் பல்லாவரத்திலும் எழும்பூரிலும் நிற்பார்.

உரசல்கள் ஆளுக்கு இரண்டு போதும். அதில் ஒன்று வாசகருக்கு மட்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. முதல் வரைவில் மொத்தம் 17 இருந்தன. படித்தால் சென்னை மாதிரியே இல்லை, எல்லோரும் ஒரே தெருக்காரர்கள் போல இருந்தார்கள்.

கதை நடக்கும் ஆண்டை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கோயம்பேடு பேருந்து நிலையம் வந்தது 2002இல். அதற்கு முன்பென்றால் வெளியூர் பஸ்ஸுக்குப் பாரிமுனைதான். மெட்ரோ 2015 ஜூனில்தான் ஓடத் தொடங்கியது. கை மாறும் பொருளாகப் பழைய 500 ரூபாய் நோட்டை வைத்தால் 2016 நவம்பர் 8 இரவைத் தாண்ட முடியாது. நோட்டை விடக் குடை நல்ல பொருள். தொலைத்தவர் அதைத் தேடுவார்.

அதிகம் திருத்த வேண்டியிருந்தது பெயர்களைத்தான். முன்பின் தெரியாதவரின் பெயர் எப்படித் தெரியும்? பூக்காரம்மாவின் அத்தியாயத்தில் கணக்கர் 'குடை சார்' மட்டுமே. அவருடைய அத்தியாயத்தில் அவள் வெறும் 'பூக்காரம்மா'. எழுதுகிறவருக்குத் தெரிந்த பெயர் தானாக வந்து விழுந்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் பெயருக்காகவே தனியாக ஒருமுறை படிக்க வேண்டும்.

ஒரே நிகழ்வை இரண்டு கண்ணில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். அவள் முழம் போடுகிறாள், விரல் நுனியைத் தாண்டி நாலு பூ கூடுதலாக விட்டு நாரை அறுக்கிறாள். அவர் பக்கத்தில் அந்த நாலு பூ வரவே கூடாது. அவர் சில்லறை எண்ணுகிறார், காது முழுக்க ரயில் சத்தத்தில் இருக்கிறது. அன்றிரவு தாம்பரத்தில் மனைவி சரத்தைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன, நீளமா இருக்கு?" என்று கேட்கட்டும். அவருக்குப் பதில் தெரியாது.